கடித்த நாளும் காக்கும் நாளும்

நாய் கடித்துவிட்டது என்று மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் ஒரே ஒரு ஊசியை எதிர்பார்த்துத்தான் போகிறார்கள். அங்கே நடப்பது வேறு. கடி ஆழமாக இருந்தால், புண்ணுக்குள்ளேயும் அதைச் சுற்றியும் ஒரு மருந்தை ஏற்றுகிறார்கள். வலி தாங்க முடியாமல் குழந்தைகள் கதறுவார்கள். பிறகு இரண்டு மேல்கைகளிலும் தோலுக்குள் வேறொரு மருந்தை, இடத்துக்கு 0.1 மில்லி மட்டும், செலுத்துகிறார்கள். அதோடு விடுவதில்லை. மூன்று நாள் கழித்து வாருங்கள், ஏழாம் நாள் வாருங்கள், இருபத்தெட்டாம் நாளும் கட்டாயம் வாருங்கள் என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். அடுத்தடுத்துப் போகும்போது கையில் மட்டும்தான் ஊசி. புண்ணில் போட்ட மருந்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

இரண்டு மருந்துகளும் ஒரே நோய்க்குத்தானே? அப்படியென்றால் எதற்கு இரண்டு? ஒன்றை ஒரே தடவை போட்டால் போதும், மற்றதை நான்கு தடவை போட வேண்டும் என்பது ஏன்? இன்னொரு கேள்வியும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊசிகளையெல்லாம் முறையாகப் போட்டு முடித்த ஒருவரை இன்று மறுபடியும் நாய் கடிக்கிறது. கடி அதே ஆழம். ஆனால் அவருக்குப் புண்ணில் மருந்து கிடையாது. கையில் இரண்டு நாள் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கடித்த நாய் மாறவில்லை, நோய் மாறவில்லை. அவர் உடம்பில் என்ன மாறியது?

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான்: காலம். மனித உடலுக்கு நோய் எதிர்ப்பாற்றல் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, உடல் தானே உண்டாக்கிக்கொள்வது. இதைச் சொந்த எதிர்ப்பாற்றல் என்போம். மற்றது, வேறோர் உடலில் உண்டானதை வாங்கிக்கொள்வது. இதை இரவல் எதிர்ப்பாற்றல் என்போம். சொந்தமானது தாமதமாக வந்து நெடுநாள் நிற்கும். இரவலானது உடனே வந்து சீக்கிரம் போய்விடும். நாய்க்கடி சிகிச்சையில் இந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே உடலில், பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்கின்றன. இவ்விரண்டையும் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

வைரஸ் எந்த வழியாகப் போகிறது?

வெறிநாயின் உமிழ்நீரில் ரேபிஸ் வைரஸ் இருக்கிறது. பல் பதிந்த இடத்தில் அது தசைக்குள் இறங்குகிறது. பல வைரஸ்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவும். ரேபிஸ் அந்த வழியில் போவதில்லை. தசையில் வந்து முடியும் நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, நரம்பிழைக்குள் புகுந்து, தண்டுவடத்தை நோக்கி ஏறுகிறது. தண்டுவடத்திலிருந்து மூளைக்குப் போகிறது.

இந்தப் பயணம் மெதுவானது. நோய் வெளிப்பட வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. ஒரு வாரத்திலும் வெளிப்படலாம். ஓர் ஆண்டுக்கு மேல் தள்ளியும் போகலாம். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் மூளைக்குத் தூரம் குறைவு. விரல் நுனிகளிலும் உதட்டிலும் நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. ஆகவே இந்த இடங்களில் விழும் கடி அதிக ஆபத்தானது.

நரம்புக்குள் புகுவதற்கு முன், தசையில் இருக்கும்போது மட்டுமே வைரஸ் எளிதில் கைக்கெட்டும். நரம்புக்குள் போய்விட்டால் இரத்தத்தில் வருகிற எதிர்ப்புப் பொருள்கள் அதைத் தொடுவது கடினம். மூளையை அடைந்து தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால், அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை.

இந்த மெதுவான பயணம்தான் மனிதனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அம்மை, போலியோ போன்ற நோய்களுக்கு நோய்க்கிருமி வருவதற்கு முன்பே தடுப்பூசி போடுகிறோம். ரேபிஸுக்குக் கடித்த பிறகும் போடலாம். 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர் இதைத் துணிந்து செய்தார். வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு, நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி வீரியம் குறைத்த மருந்தை நாள்தோறும் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். வைரஸ் மூளையைச் சேர்வதற்குள் உடல் தன் எதிர்ப்பாற்றலை உண்டாக்கி முடித்துவிட்டால் உயிர் தப்பும். முடிக்காவிட்டால் தப்பாது.

உடலுக்கு ஏன் இரண்டு வாரம் வேண்டும்?

உடல் எதிர்ப்பாற்றலை ஏன் உடனே உண்டாக்குவதில்லை?

நம் இரத்தத்திலும் நிணநீரிலும் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பி செல்லின் மேற்பரப்பிலும் ஒரு குறிப்பிட்ட வடிவமுள்ள புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு செல்லில் ஒரு வடிவம்தான். அடுத்த செல்லில் வேறு வடிவம். இப்படி எண்ணிலடங்காத வடிவங்களை உடல் முன்கூட்டியே, எந்த நோயையும் பார்ப்பதற்கு முன்பே, உண்டாக்கி வைத்திருக்கிறது. ரேபிஸ் வைரஸின் மேற்புறத்தோடு பொருந்தும் வடிவமும் அவற்றுள் இருக்கும். ஆனால் அந்த வடிவத்தைத் தாங்கிய செல்கள் மிகச் சில.

தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட ரேபிஸ் வைரஸ். அது நோயைத் தராது; அதன் வடிவம் மட்டும் அப்படியே இருக்கும். தோலுக்குள் இதைச் செலுத்தும்போது, தோலிலுள்ள சில செல்கள் அதை விழுங்கி, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்கு எடுத்துச் செல்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்போமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. பொருந்தும் பி செல் அங்கே வைரஸின் வடிவத்தைச் சந்திக்கிறது. அந்தச் சந்திப்பு மட்டும் போதாது. டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களும் அது அயல்பொருள்தான் என்று உறுதி செய்தாக வேண்டும். நம் உடலையே நாம் தவறுதலாகத் தாக்கிக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்திருக்கும் சோதனை இது.

உறுதியானதும் அந்தச் சில செல்கள் பிரியத் தொடங்குகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகுகின்றன. பெருகும்போது சின்னச் சின்ன மாற்றங்கள் நேர்கின்றன. அவற்றுள் வைரஸோடு இன்னும் இறுக்கமாகப் பொருந்தும் செல்கள் மட்டும் பிழைத்து மேலும் பெருகுகின்றன. இந்தத் தேர்வு நிணநீர் முடிச்சுக்குள் நாள் கணக்கில் நடக்கிறது. கடைசியில் செல்கள் இரு கூறாகப் பிரிகின்றன. ஒரு கூறு, தன் மேற்பரப்பில் இருந்த அதே வடிவப் புரதத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கில் இரத்தத்துக்குள் விடுகிறது. இதுதான் ஆன்டிபாடி; நாம் எதிர்ப்புரதம் என்று அழைப்போம். வைரஸின் மேற்புறத்தில் இது ஒட்டிக்கொண்டால், வைரஸ் நரம்பைப் பற்ற முடியாது. இன்னொரு கூறு எதையும் சுரக்காமல் நெடுங்காலம் காத்திருக்கிறது. அவை நினைவு செல்கள்.

இத்தனையும் நடந்து, எதிர்ப்புரதம் இரத்தத்தில் அளக்கும் அளவுக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். போதுமான அளவை எட்ட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எவ்வளவு நல்ல தடுப்பூசியாக இருந்தாலும் இந்தக் காலத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. தேடுதல், சோதித்தல், பெருகுதல், தேர்ந்தெடுத்தல் என்று ஒவ்வொன்றும் தனக்குரிய நாளை எடுத்துக்கொள்கிறது.

காலில் விழுந்த கடிக்கு இரண்டு வாரம் போதுமான அவகாசமாக இருக்கலாம். முகத்தில் விழுந்த கடிக்கு?

வேறோர் உடலிலிருந்து வருவது

1890-ல் பெர்லினில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில், எமில் ஃபான் பேரிங் என்ற ஜெர்மானியரும் ஷிபாசாபுரோ கிடாசாடோ என்ற ஜப்பானியரும் ஒரு சோதனை செய்தார்கள். டெட்டனஸ் நச்சுக்கு ஈடுகொடுக்கும்படி முயல்களைப் படிப்படியாகப் பழக்கினார்கள். அந்த முயல்களின் இரத்தத்தை எடுத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். பிறகு அந்த எலிகளுக்கு டெட்டனஸைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. எலிகளின் உடல் எதையும் கற்கவில்லை; முயலின் உடல் உண்டாக்கியதைப் பெற்றுக்கொண்டன, அவ்வளவுதான். எதிர்ப்பாற்றல் என்பது இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு பொருள், அதை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு மாற்றலாம் என்பது இப்படித் தெரியவந்தது. இதே முறையில் தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து பிறந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் பேரிங்குக்குக் கிடைத்தது.

நாய்க்கடிப் புண்ணில் ஏற்றும் மருந்து இந்த வகையைச் சேர்ந்தது. இதன் பெயர் இம்யூனோகுளோபுலின். ரேபிஸ் தடுப்பூசி போட்ட குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எதிர்ப்புரதமாக இருக்கும். அல்லது தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்கள் தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். ஆய்வகத்தில் செல்களை வளர்த்து உண்டாக்கும் எதிர்ப்புரதங்களும் இப்போது இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன.

பசித்திருக்கும் வீட்டுக்கு அரிசி கொடுத்தால் அன்றைக்கே உலை கொதிக்கும். அரிசி தீர்ந்ததும் பானை காலி. விதைநெல் கொடுத்தால் அறுவடை வரை பட்டினி. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீடு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். இம்யூனோகுளோபுலின் அரிசி, தடுப்பூசி விதைநெல். கடிபட்டவருக்கு இரண்டும் ஒரே நாளில் வேண்டும்.

அரிசி தீரும் என்பதற்குக் கணக்கு உண்டு. எதிர்ப்புரதம் வெறும் புரதம். தன்னைத் தானே மறுபடி செய்துகொள்ளும் வழி அதனிடம் இல்லை. உடல் அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடுகிறது. மனிதர்களிடமிருந்து எடுத்த எதிர்ப்புரதம் ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகும், ஆறு வாரத்தில் கால் பங்காகும், பன்னிரண்டு வாரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். குதிரையின் புரதத்தை மனித உடல் அயலானது என்று கண்டு இன்னும் வேகமாக அகற்றுகிறது. அதனால்தான் மனித இம்யூனோகுளோபுலின் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட் என்றால், குதிரை இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 40 யூனிட் தேவைப்படுகிறது.

ஓநாய் புகுந்த ஊர்

இந்த இரண்டும் சேர வேண்டும் என்பதை உலகம் ஒரு கொடிய நிகழ்ச்சியிலிருந்து கற்றுக்கொண்டது. 1954-ல் மேற்கு ஈரானில் சஹ்னே என்ற ஊரில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று புகுந்து 29 பேரைக் கடித்துக் குதறியது. அவர்களில் 18 பேருக்குக் காயம் தலையில். அதாவது மூளைக்கு மிக அருகில். டெஹ்ரானில் இருந்த ஈரான் பாஸ்டர் நிறுவனத்துக்கு அவர்களைக் கொண்டு சென்றார்கள். பால்டசார், பஹ்மன்யார் என்ற மருத்துவ அறிஞர்கள் அங்கே பொறுப்பில் இருந்தார்கள். ரேபிஸுக்கான எதிர்ப்புரதம் செறிந்த குருதிநீர் அப்போதுதான் சோதனைக்காக அங்கே வந்திருந்தது.

தலையில் கடிபட்ட 18 பேரில் 13 பேருக்குக் குருதிநீரும் தடுப்பூசியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 5 பேருக்குத் தடுப்பூசி மட்டும். தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்துபோனார்கள். இரண்டையும் பெற்ற பதின்மூவரில் ஒருவர் மட்டும் இறந்தார். உடலின் வேறு பகுதிகளில் கடிபட்ட 11 பேரும் பிழைத்தார்கள்.

அவர்களது இரத்தத்தைச் சோதித்தபோது காரணமும் புலப்பட்டது. குருதிநீர் பெற்றவர்களிடம் முதல் நாளிலிருந்தே எதிர்ப்புரதம் இருந்தது. அன்றைய தடுப்பூசி மட்டும் பெற்றவர்களிடம் அது தென்பட இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது. தலையில் கடித்த ஓநாய் அவ்வளவு அவகாசம் தரவில்லை. இன்று உலகெங்கும் ஆழமான வெறிநாய்க்கடிக்கு இரண்டு மருந்துகளும் சேர்ந்தே கொடுக்கப்படுவதற்கு அந்த ஊர் மக்கள் பட்ட துயரமே வழிகாட்டியது.

ஒரு சிறுமியின் இருபத்தெட்டு நாள்

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து வயதுச் சிறுமி. எடை 30 கிலோ. தெருநாய் உள்ளங்கையைக் கடித்து, இரண்டு பல் ஆழமாகப் பதிந்து இரத்தம் வருகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்யும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அவை புண்ணைக் கிளறி வைரஸை உள்ளே தள்ளக்கூடும்.

மருத்துவமனையில் முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் நாள் என்று குறிப்பார்கள். சிறுமிக்குக் குதிரை இம்யூனோகுளோபுலின் என்றால் 30 × 40 = 1,200 யூனிட். மருந்துப் புட்டியில் மில்லிக்கு 300 யூனிட் இருந்தால் 4 மில்லி. இதைப் புண்ணுக்குள்ளும் சுற்றியும், அந்த இடம் கொள்ளுமளவு ஏற்றுகிறார்கள். இடுப்பிலோ தொடையிலோ போட்டால் வலி குறையுமே என்று பெற்றோர் கேட்பதுண்டு. அங்கே போட்டால் மருந்து உடல் முழுவதும் கலந்து நீர்த்துப்போகும். வைரஸ் இருப்பது உள்ளங்கைத் தசையில். எதிர்ப்புரதம் செறிவாக இருக்க வேண்டிய இடமும் அதுவே. கூடவே இரண்டு மேல்கைகளிலும் தோலுக்குள் தடுப்பூசி. இந்த நாளில் சிறுமியின் சொந்த எதிர்ப்புரதம் பூஜ்யம். அவளைக் காப்பது முழுவதும் இரவல்.

மூன்றாம் நாள்: தடுப்பூசியின் வைரஸ் துணுக்குகள் அக்குள் நிணநீர் முடிச்சுகளை அடைந்துவிட்டன. பொருந்தும் பி செல்கள் பெருகத் தொடங்கியிருக்கின்றன. இரத்தத்தில் இன்னும் சொந்த எதிர்ப்புரதம் இல்லை. இரண்டாம் தடவைத் தடுப்பூசி, தொடங்கிய பெருக்கத்தை மேலும் தூண்டுகிறது.

ஏழாம் நாள்: மூன்றாம் தடவை. சொந்த எதிர்ப்புரதம் தலைகாட்டத் தொடங்கும் நேரம் இது. முதல் நாளில் இம்யூனோகுளோபுலின் கிடைக்காமல் போயிருந்தால் அதை ஏழாம் நாள் வரை போடலாம். அதற்குப் பிறகு போடுவதில்லை. சொந்தச் சரக்கு வரத் தொடங்கிய பின் இரவலுக்கு வேலை இல்லை.

பதினான்காம் நாள்: சொந்த எதிர்ப்புரதம் மில்லிக்கு 0.5 யூனிட் என்ற அளவைத் தாண்டியிருக்கும். போதுமான எதிர்ப்பு உண்டாகிவிட்டதற்கு உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு இது. இரவல் குறைந்துகொண்டே வருகிறது, சொந்தம் ஏறிக்கொண்டே வருகிறது. சிறுமி பாதுகாப்பில்லாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.

இருபத்தெட்டாம் நாள்: கடைசித் தடவை. புண் ஆறி, தழும்பும் மங்கியிருக்கும். பலர் இந்த நாளைத் தவறவிடுவது இதனால்தான். ஆனால் இரவலில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும் நேரம் இது. வைரஸோ மாதக்கணக்கில் பயணம் செய்யக்கூடியது. இனி அவளுக்குத் துணை அவள் உடல் கற்றது மட்டுமே. அந்தக் கல்வியை இந்த ஊசி உறுதிப்படுத்துகிறது. நினைவு செல்களைப் பெருக்கி நிலைநிறுத்துகிறது.

தோலுக்குள் போடாமல் தசையில் போடும் முறையும் உண்டு. அதில் 0, 3, 7, 14, 28 என ஐந்து நாள்கள் வரும். தத்துவம் ஒன்றேதான்.

இரவல் மிஞ்சினால்

காக்கும் மருந்துதானே, இம்யூனோகுளோபுலினைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டால் என்ன? அப்படிப் போடக் கூடாது. இரத்தத்தில் இரவல் எதிர்ப்புரதம் மிகுந்திருந்தால், தடுப்பூசியில் உள்ள வைரஸையும் அதுவே போய் மூடிக்கொள்ளும். பி செல்கள் பார்க்க வேண்டிய வடிவம் மறைந்துபோகும். உடல் கற்பது குறையும். அதனால்தான் எடைக்கு ஏற்ற அளவைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். இரண்டு மருந்துகளையும் ஒரே இடத்தில் போடாததும், ஒரே ஊசிக்குழலில் கலக்காததும் இதனால்தான்.

இந்த முரண்பாட்டை ஒவ்வொரு தாயும் அறியாமலே சந்தித்திருக்கிறாள். கருவுற்ற காலத்தில், முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், தாயின் எதிர்ப்புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. தற்செயலாகக் கசிவதில்லை, நஞ்சில் அதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இந்தப் பங்கு குறைவாகவே கிடைக்கும்; அதற்குத் தொற்று எளிதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பிறந்ததும் சீம்பாலில் வேறொரு வகை எதிர்ப்புரதம் வருகிறது. அது இரத்தத்தில் அதிகம் கலக்காமல் குழந்தையின் குடலுக்குள் நின்று காக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடக் கூடாது என்று செவிலியர்கள் வற்புறுத்துவதன் பொருள் இது.

கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் ஊசி போடுவதும் இந்த வழியை நம்பித்தான். தாய்க்கு அது சொந்த எதிர்ப்பாற்றல். அதே புரதம் நஞ்சுக்கொடி தாண்டியதும் குழந்தைக்கு இரவல். தொப்புள்கொடி வெட்டும் கத்தியால் டெட்டனஸ் வந்து பச்சிளங்குழந்தைகள் இறப்பது ஒரு காலத்தில் நம் கிராமங்களில் சாதாரணம். தாய்க்கு ஊசி, சுத்தமான பிரசவம் என்ற இரண்டாலும் அது அரிதாயிற்று. தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனஸ் ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா 2015-ல் அறிவிக்கப்பட்டது.

அதே தாயின் இரவல், தட்டம்மைத் தடுப்பூசியைக் காத்திருக்க வைக்கிறது. பிறந்த உடனே அதைப் போட்டால், தாய் தந்த எதிர்ப்புரதம் தடுப்பூசி வைரஸை மடக்கிவிடும். குழந்தையின் உடல் எதையும் கற்காது. அந்த இரவல் பெரும்பாலும் கரைந்த பிறகு, ஒன்பது மாதம் முடிந்ததும் நம் நாட்டில் தட்டம்மை ஊசி போடுகிறார்கள். கொஞ்சம் முன்னால் போட்டால் பயன் குறையும். ரொம்பப் பின்னால் போட்டால் இடையில் நோய் வந்துவிடும். ஒன்பது மாதம் என்பது இரவல் முடிவதையும் சொந்தம் தொடங்குவதையும் பார்த்துக் குறித்த நாள்.

பாம்புக்கடியில் இரவல் மட்டும்

ரேபிஸுக்கு வாரங்கள் இருக்கின்றன. பாம்பு நஞ்சுக்குச் சில மணி நேரம்தான். உடல் தானே கற்பதற்கு அங்கே இடமே இல்லை. முழுக்க முழுக்க இரவலை நம்ப வேண்டும். குதிரைகளுக்குப் பாம்பு நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவை உண்டாக்கும் எதிர்ப்புரதத்தைப் பிரித்தெடுத்தே நச்சுமுறி மருந்து தயாராகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் இந்திய மருந்து வேலை செய்யும். அந்த நஞ்சின் பெரும்பகுதியை மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக எடுத்துத் தந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகிய அந்த மக்களின் கைத்திறன் நாடெங்கும் உயிர்களைக் காக்கிறது.

இங்கே இரவலின் எல்லையும் தெரிகிறது. நச்சுமுறி மருந்தால் பிழைத்த விவசாயியை அடுத்த ஆண்டு மறுபடியும் கட்டுவிரியன் கடித்தால், அவருக்கு மறுபடியும் முழு அளவு மருந்து வேண்டும். முதல் தடவை கிடைத்த மருந்தில் ஒன்றும் மிச்சமில்லை.

உடல் எத்தனை ஆண்டு நினைவில் வைத்திருக்கும்?

சொந்த எதிர்ப்பாற்றலின் நினைவு எவ்வளவு நீளும் என்பதற்கு அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகள் சான்று. 1781-ல் அங்கே தட்டம்மை பரவியது. அதற்குப் பிறகு 65 ஆண்டுகள் அந்த நோய் தீவுகளுக்கு வரவே இல்லை. 1846-ல் மறுபடி வந்தபோது, 8,000-க்கும் குறைவான மக்களில் சுமார் 6,000 பேரைப் பிடித்தது. டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். 1781-ல் குழந்தைகளாக இருந்து அந்த நோய் கண்ட முதியவர்களில் ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை என்று கண்டார். இடையில் ஒரு தடவைகூட அந்த வைரஸைச் சந்திக்காமலே அவர்கள் உடல் அறுபத்தைந்து ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தது.

எல்லா நோய்க்கும் நினைவு இவ்வளவு நீடிப்பதில்லை. டெட்டனஸ் ஊசியை அவ்வப்போது புதுப்பிக்கிறோம். ஆனால் நினைவு செல்கள் இருக்கும் உடல், புதிதாகக் கற்கும் உடலைப் போல இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதில்லை. பொருந்தும் செல்கள் ஏற்கெனவே ஏராளமாக, நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தயாராக இருக்கின்றன. தூண்டிய சில நாள்களில் எதிர்ப்புரதம் பெருகிவிடும்.

முன்பு ஊசியை முறையாக முடித்தவரை நாய் மறுபடி கடித்தால் புண்ணில் மருந்து ஏற்றாததற்குக் காரணம் இதுதான். இரவலால் நிரப்ப வேண்டிய இடைவெளி அவருக்கு இல்லை. பூஜ்யம் நாளிலும் மூன்றாம் நாளிலும் போடும் ஊசி, உறங்கும் நினைவை எழுப்புவதற்கு மட்டும். புண்ணைக் கழுவுவது அவருக்கும் கட்டாயம். முன்பு போட்ட ஊசிகளுக்கான சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவசியம். அவர் உடல் எதைக் கற்றிருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிவிக்கும் ஒரே சான்று அது.

அறிந்ததைக் கொண்டு செய்ய வேண்டியது

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதில் பெரும்பங்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்கள் வழியாக வருகிறது. கடிபடுகிறவர்களில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மருந்தில்லாத நோய்க்கு மக்கள் இறந்தால் அது துயரம். தடுக்கும் வழி முழுமையாகத் தெரிந்த நோய்க்கு இறப்பது பொறுக்கக் கூடாத துயரம்.

பழைய பயம் ஒன்று இன்னும் நம்மிடையே இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய தடுப்பூசி. வீரியம் குறைவு, ஆகவே நாள்தோறும் அதிக அளவில் போட வேண்டியிருந்தது, அதற்கு வயிற்றுத் தோல்தான் இடம் தந்தது. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அந்தத் தடுப்பூசியைப் பல்லாண்டுகள் தென்னிந்தியா முழுவதற்கும் தயாரித்து அளித்தது. பின்னர் செல்களில் வளர்த்த வைரஸிலிருந்து செய்யும் நவீனத் தடுப்பூசிக்கு மாறியது. ஆட்டு மூளைத் தடுப்பூசியின் தயாரிப்பை இந்தியா 2004-ல் நிறுத்திவிட்டது. இன்றைய ஊசி கையில், சிறு அளவில், சில நாள்கள் மட்டும். அந்தப் பழைய பயத்தால் இன்று யாரும் மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

கால்நடை மருத்துவர்கள், நாய் பிடிப்பவர்கள், விலங்குகளோடு வேலை செய்பவர்கள் கடி விழும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அவர்கள் உடல் அவசரமில்லாமல் கற்றுக்கொள்ளும். கடி விழும் நாளில் இரவல் கிடைக்குமா என்று தேடி அலைய வேண்டாம். இம்யூனோகுளோபுலின் விலை அதிகம்; எல்லா ஊர்களிலும் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. தடுப்பூசி அதைவிட எளிதில் கிடைக்கும். ஒரு சமூகம் சொந்த எதிர்ப்பாற்றலை எவ்வளவு பரவலாக வளர்க்கிறதோ, அந்த அளவுக்கு இரவலின் தேவை குறையும். தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடுவது இதன் அடுத்த படி; நாயின் உடல் கற்றுக்கொண்டால் மனிதனுக்கு நோய் வரும் வழியே அடைபடும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது எளியது. கடித்த உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும். அன்றைக்கே மருத்துவமனை. மருத்துவர் சொன்னால் வலித்தாலும் புண்ணில் இம்யூனோகுளோபுலின். முதல் இரண்டு வாரம் உங்களைக் காப்பது அதுதான். பிறகு சீட்டில் எழுதிய ஒவ்வொரு நாளும் தவறாமல் ஊசி. அது ஒரு நோயாளிக்குத் தரும் மருந்து என்பதைவிட, உங்கள் உடல் தானே கற்றுக்கொள்ள நடத்தும் பாடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கரைந்துபோகும் இரவலை நம்பி யாரும் இருக்கக் கூடாது.